வரிசையின் கடைசி எண்

சிகாகோவிலிருந்து டென்வருக்கு ஆகாயவிமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். புகைவண்டியில் பதினெட்டு மணி நேரம். இவ்விரண்டில் பின்னதைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று நான் சொன்னபோது, நேப்பர்வில்லில் குடியிருக்கும் என் மகள் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மாப்பிள்ளை மட்டும், மாமனாரின் பிடிவாதத்துக்கு வாதம் மருந்தல்ல என்பதை அநுபவத்தில் கண்டவராகையால், மறுபேச்சின்றி டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். என் பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு தினங்களுக்கு முன் சிகாகோவின் விஞ்ஞானக் காட்சிசாலையில் 'பயனீர் ஸெஃபிர்' என்னும் வெள்ளி நிற ரயிலைப் பார்த்திருந்தேன். 1934ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி விடியற்காலையில் டென்வரை விட்டுக் கிளம்பி, எங்கும் நில்லாமல், 13 மணி 5 நிமிஷத்தில் சிகாகோவை அடைந்த ரயில் அது. அதன் பெயரைத் தாங்கிய வாரிசாகிய 'கலிபோர்னியா ஸெஃபிர்' இன்று அதே ஊர்களுக்கிடையே ஐந்து மணி நேரம் அதிகமாக எடுத்துக்கொண்டு போகிறது என்று அறிந்தபோது, அவசரமில்லாத மனிதனுக்கு ஏற்ற வாகனம் இதுவே என்று தீர்மானித்துவிட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. இல்லினாய் மாகாணத்தின் சோளக் கொல்லைகள் முடிவற்று விரிந்து கிடந்தன. இரண்டரை மணி நேரத்துக்கெல்லாம் கேல்ஸ்பர்க் என்ற ஊர் வந்தது. ரயில்வேயினாலே வளர்ந்த ஊர் அது. தண்டவாளங்கள் பாய் முடைந்தாற்போல விரிந்து கிடக்க, அவற்றின்மேல் சரக்கு வண்டிகள் மைல் கணக்கில் நின்றுகொண்டிருந்தன. அங்கே ஏறிய பிரயாணிகளுள் இருபத்தாறு இருபத்தேழு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் இருந்தார். ஒரு பெட்டியும், இஸ்திரி கலையாமல் உறையிட்டுக் கையில் பிடித்த ஒரு கோட்டும் தவிர வேறு சாமான் இல்லை. அந்தக் கோட்டை அவர் மேலே தொங்கவிட்ட சிரத்தையைக் கண்டு, கலியாணத்துக்குப் போகிற பிள்ளை போலும் என்று நான் நினைத்தேன்.

இந்த ரயிலின் போஜன வண்டியில் தனியாக வருபவரைத் தனியாக உட்கார விடுவதில்லை. நாலு பேர் மேஜையில் யார் எதிரே அமர்வார் என்பதை விதியும் பரிசாரகரும் சேர்ந்து நிர்ணயிக்கிறார்கள். அன்று மாலை என் எதிரே அந்த இளைஞரே வந்து அமர்ந்தார். பர்லிங்டன் ஊருக்கு அருகே வண்டி மிஸிஸிப்பி நதியைக் கடந்துகொண்டிருந்தது; பழுப்பு நிறமான அந்தப் பெருவெள்ளத்தின்மேல் சாயங்கால வெயில் படிந்திருந்த காட்சியைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, "மேலிருந்து பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும், ஐயா; ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன்" என்றார் அவர். அவர் ஒரு விமானி. டென்வரில் ஒரு விமான நிறுவனத்தின் புதிய வகுப்பில் மறுதினத்துக்கு மறுதினம் சேரவேண்டியவர். விமானியாகப் போகிறவர் ரயிலில் போவானேன் என்று கேட்டேன். "என் தாத்தா கேல்ஸ்பர்க்கில் ரயில் எஞ்சின் ஓட்டியவர். உத்தியோகத்துக்குப் போகும் முதல் பிரயாணத்தை அவருடைய தண்டவாளத்தின்மேல் செய்வதென்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்" என்றார். அவருடைய நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை; முதல் ஆண்டில் இருக்கும் ஒரு விமானிக்கு அது நன்மை செய்யாது என்பதைப் பின்னால் வரும் விருத்தாந்தம் விளக்கும்.

உணவு வருவதற்குள் அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நம் ஊர் மளிகைக் கடைக்காரரின் பற்று வரவுப் புத்தகத்தைப்போல ஓரங்கள் மடங்கி அழுக்கேறியிருந்த அது, அவருடைய முதல் பறப்பேடு. ஒவ்வொரு வரியிலும் தேதி, விமானத்தின் எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், பறந்த நேரம். நேரமோ மணியில் பத்தில் ஒரு பங்குவரை கணக்கிடப்பட்டிருந்தது. 1.2, 0.9, 1.4 என்று இறங்கிக்கொண்டே போகும் அந்த இலக்கங்களைக் கூட்டி 1,500 ஆக்குவதற்கு அவருக்கு நாலு ஆண்டுகள் பிடித்தனவாம். பெரும்பகுதி நேரத்தை அவர் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் வலப்பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, பிறருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துச் சேர்த்திருந்தார். ஒரு கோடைகாலம் முழுவதும் எண்ணெய்க் குழாய்கள் போகும் வழியில் தாழப் பறந்து, கசிவு உண்டா என்று பார்த்துக்கொண்டு திரிந்தாராம். படிப்புக்கு வாங்கிய கடன் ஒரு வீட்டின் விலையில் பாதி இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்; அந்தச் சிரிப்பில் சந்தோஷம் அதிகம் இல்லை.

1,500 மணி என்ற இந்தக் கணக்குக்குப் பின்னே ஒரு துக்கக் கதை உண்டு. 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி இரவு, கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம் நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரருகே ஒரு வீட்டின்மேல் விழுந்தது; விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். துணை விமானியாக இருந்த இளம்பெண், வேலைக்கு வந்து சேர்வதற்காக நாட்டின் மேற்குக் கோடியாகிய சியாட்டிலிலிருந்து முந்தின இரவெல்லாம் வேறு விமானங்களில் பிரயாணம் செய்து கிழக்குக் கோடிக்கு வந்திருந்தாள் என்பதும், அவளுடைய சொற்பச் சம்பளத்தின் அளவும் விசாரணையில் வெளிப்பட்டபோது அமெரிக்க ஜனங்கள் திடுக்கிட்டார்கள். பிரயாணிகள் வாங்கிய டிக்கெட்டில் இருந்ததும், விமானத்தின்மேல் எழுதியிருந்ததும் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர். ஓட்டியவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததோ வேறொரு சிறிய நிறுவனம். மாண்டவர்களின் குடும்பத்தார் விடாது முயன்றதன் பலனாகச் சட்டம் திருந்தி, 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி அநுபவம் வேண்டும் என்று விதியாயிற்று. ராணுவத்தில் பறந்தவர்களுக்கும், விமானக் கல்வியில் பட்டம் பெற்றவர்களுக்கும் இதில் குறைவு உண்டு. அந்த விபத்தில் மாண்ட விமானிகள் இருவருக்குமே 1,500 மணிக்கு மேல் அநுபவம் இருந்தது என்பது இந்தக் கதையின் விசித்திரம். "விதி நல்ல விதிதான், விமானிகள் சங்கமும் அதை விடாமல் காக்கிறது. ஆனால் அதன் சுமையைத் தூக்குகிறவன், சங்கத்துக்குள் இன்னும் நுழையாதவன்" என்றார் இளைஞர்.

மணிக்கணக்கு நிறைந்ததும் பரீட்சை. விண்ணப்பம் போட்டு எட்டு மாதம் பதிலில்லாமல் இருந்து, திடீரென்று ஒரு நாள் அழைப்பு வந்ததாம். பறப்பேடுகளையெல்லாம் கட்டிச் சுமந்துகொண்டு போக, ஒருவர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மற்றொருவர் இறங்குதளத்தின் வரைபடம் ஒன்றை முன்னே வைத்து மூலைமுடுக்கெல்லாம் கேள்வி கேட்டார். மூன்றாமவரோ விமானத்தைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், உங்களுக்கும் உங்கள் கேப்டனுக்கும் அபிப்பிராய பேதம் வந்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றாராம். இம்மூன்றாவது கேள்வியில்தான் அநேகர் தோற்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. ஒடுங்கிய அறையொன்றில் நாலு நாள் சேர்ந்து உட்காரக்கூடிய மனிதரா என்பதை அறிவதற்கு வேறு என்ன கேட்க முடியும்? அதன்பின் நிபந்தனையோடு கூடிய நியமனக் கடிதம். பிறகு போதைப்பொருள் சோதனை, கைரேகை, பழைய எஜமானர்களிடம் விசாரணை. எல்லாம் தீர்ந்த பிறகு வந்து சேர்வது, விமானிகள் வாய்க்கு வாய் 'கிளாஸ் டேட்' என்று சொல்லும் வகுப்புத் தேதி.

அந்தத் தேதியை உச்சரிக்கும்போது இளைஞரின் குரல், ஜாதகத்தில் லக்கினத்தைச் சொல்லும் ஜோசியரின் குரல்போல மாறிற்று. காரணம் கேட்டேன். இந்நாட்டு விமானியின் வாழ்க்கை முழுவதையும் ஆள்வது சீனியாரிட்டி எண் என்ற ஒன்று. அது வகுப்புத் தேதியிலிருந்து பிறக்கிறது. ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதைச் சில நிறுவனங்கள் வயதைக் கொண்டும், சில, அரசாங்கம் தந்த சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களைக் கொண்டும் தீர்மானிக்கின்றன. அதன்பிறகு எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதத்தில் விடுமுறை, தீபாவளிபோன்ற அவர்களுடைய கிறிஸ்துமஸ் இரவில் வீடா விடுதியா, எப்போது கேப்டன் பதவி என்ற அத்தனையும் அந்த எண்ணின்படியே. வேறு நிறுவனத்துக்குப் போனால், இருபது ஆண்டு அநுபவம் உள்ள கேப்டனாக இருந்தாலும், வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டியதுதான்.

நம் ஊர்க் கலியாணப் பந்தியை நினைத்துக்கொண்டேன். முதல் பந்தியில் அமர்ந்தவனுக்குப் பாயசம் சூடாக வரும். கடைசிப் பந்தியில் அமர்ந்தவனுக்கு ரசம் வந்தால் பாக்கியம். பரிமாறுகிறவர் பந்தியை நடுவில் நிறுத்தி, போதும் எழுந்திருங்கள் என்று கடைசி வரிசையைப் பார்த்துச் சொல்வது நம் வீடுகளில் நடவாது. விமானிகளின் பந்தியில் அதுவும் நடப்பதுண்டு. அதற்கு 'ஃபர்லோ' என்று பெயர். கடைசியில் வந்தவர் முதலில் வெளியே போகவேண்டும். 2001ஆம் ஆண்டு கோடையில் சேர்ந்தவர்கள் செப்டம்பரில் நிகழ்ந்த கோரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிற் சிலர் திரும்பிவரப் பத்து ஆண்டுகள் ஆயின. 2007 டிசம்பரில் ஓய்வு வயது அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்கு உயர்ந்தபோது, மேலே இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டு லாபம். கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் இருந்த படியிலேயே ஐந்து ஆண்டு நின்றார்கள். திறமையில் வித்தியாசமில்லாத இரு மனிதர்களின் வாழ்க்கை, ஒருவர் ஜூன் மாத வகுப்பிலும் மற்றவர் ஆகஸ்டு மாத வகுப்பிலும் சேர்ந்த ஒரே காரணத்தால் இரு வேறு திசைகளில் போய்விடக்கூடும்.

"இது அநியாயமல்லவா?" என்றேன். "அநியாயந்தான், ஆனால் எஜமானருடைய பிரியம் என்பது இதைவிட அநியாயம் என்று தாத்தா சொல்வார்" என்றார் அவர். மேலதிகாரிக்குப் பிடித்தவனுக்கு நல்ல வண்டி, பிடிக்காதவனுக்கு நள்ளிரவுச் சரக்கு வண்டி என்றிருந்த காலத்தில், பட்சபாதத்துக்கு இடங்கொடாத பிரமாணமாக ரயில்வேத் தொழிலாளர் கண்டுபிடித்தது தேதி ஒன்றைத்தான். விமானிகள் அதை அவர்களிடமிருந்து பெற்றார்கள். பெற்றது அது மாத்திரமல்ல. ரயில்வேக்காக 1926இல் இயற்றிய தொழிற்சட்டமே 1936இல் விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டு இன்றளவும் வழங்குகிறது. மத்தியஸ்தச் சபை விடுவித்து, அதன்மேல் முப்பது நாள் பொறுத்தாலன்றி விமானிகள் வேலைநிறுத்தம் செய்ய இயலாது. தாத்தாவின் தண்டவாளத்தின்மேல் பேரன் போவது வெறும் வாக்குக்காக மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றிற்று.

சங்கத்தின் விருத்தாந்தத்தையும் அவர் சொன்னார். பின்னால் நான் படித்தறிந்ததையும் அதோடு சேர்த்துச் சொல்கிறேன். சிகாகோவில் கிளார்க் தெருவும் மேடிசன் தெருவும் கூடும் மூலையில், ஒரு பெரிய பாங்கிக் கட்டடத்தின் அடியில் நின்று முந்தின நாள் நான் காபி அருந்தியிருந்தேன். அந்த இடத்தில் ஒருகாலத்தில் மோரிசன் ஹோட்டல் இருந்ததென்பது எனக்குத் தெரியாது. 1931ஆம் ஆண்டு ஜூலையில், டேவிட் பென்கி என்ற தபால் விமானியின் முயற்சியால், வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த விமானிகள் அங்கே கூடி 'ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன்' என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அரசாங்கத் தபாலைச் சுமப்பதற்கு முதன்முதல் அமர்த்தப்பட்ட நாற்பது விமானிகளில் முப்பத்தொருவர் பறக்கையிலேயே மாண்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. மூடுபனியில் பறக்க மறுத்தவர் வேலையை இழந்த காலம் அது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் இச்சங்கத்தில் இருக்கிறார்கள்.

சங்கம் பிறந்து ஓராண்டு ஆவதற்குள், மோட்டார் வண்டி உற்பத்தியில் பொருள் குவித்த கோர்டு என்ற முதலாளி, தம் ஸெஞ்சுரி விமான நிறுவனத்தில் மாதச் சம்பளத்தை 350 டாலரிலிருந்து 150 டாலராகக் குறைத்து, சம்மதமில்லாதவர்கள் வெளியே போகலாம் என்றார். வெளியே நின்றவர்களுக்குப் பதிலாகப் பசியோடு காத்திருந்த புதியவர்களைச் சேர்த்துக்கொண்டார். அப்போது ஃபியரெல்லோ லகார்டியா முதலிய சட்டசபை அங்கத்தினர்கள் விமானிகளுக்காகப் பரிந்து பேசினார்கள். 1934 மே மாதம், அந்த வெள்ளி ரயில் ஓடிய அதே மாதத்தில், தேசியத் தொழில் மன்றத்தின் 83ஆம் தீர்மானம், மாதத்துக்கு 85 மணிக்கு மேல் ஒரு விமானி பறக்கலாகாது என்று வரையறுத்தது.

பழையவர்களை உடைக்கும் சம்மட்டியாக 1932இல் உபயோகப்பட்ட புதியவர், ஐம்பது ஆண்டுக்குப் பின் வேறோர் உபயோகத்துக்கு ஆளானார். 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'பி ஸ்கேல்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இருப்பவர்களின் சம்பளத்தில் ஒரு காசும் குறையாது. இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் கீழ்ச்சம்பளம். ஒரே விமானத்தில், ஒரே வேலைக்கு, இரண்டு கூலி! இதற்குச் சம்மதித்து வாக்களித்தவர்கள், அதனால் யாதொரு நஷ்டமும் அடையாதவர்கள். நஷ்டமடையப் போகிறவர்களோ வாக்குரிமை பெறுவதற்கு இன்னும் பிறக்கவேயில்லை. பாகப்பிரிவினை பத்திரத்தில் பிறவாத பிள்ளையின் பங்கை விற்றுவிடுவது போன்ற காரியம் இது. அக்காரியம் அந்நிறுவனத்து விமானிகளின் தனிச் சங்கத்தின் கையெழுத்தோடு நடந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதே ஏற்பாட்டை யுனைடெட் நிறுவனம் வேண்டியபோது, 1985 மே 17ஆம் தேதி அதன் விமானிகள் ஏறக்குறைய 5,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். அவ்வேளையில் டென்வர்ப் பயிற்சிக்கூடத்தில் பயின்று முடித்து, உத்தியோகம் ஏற்கும் வாசற்படியில் 570 புதியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சீனியாரிட்டி எண் கிடையாது. சங்கத்தில் அங்கத்தினர் என்ற பந்தம் கிடையாது. அநேகர் இவ்வேலையை நம்பிப் பழைய வேலையை விட்டு வந்தவர்கள். நிறுவனம் அவர்களை வேலைக்கு வந்து சேரும்படி அழைத்தது. மிகச் சிலரைத் தவிர அத்தனை பேரும், மறியல் வரிசையைத் தாண்டமாட்டோம் என்று வெளியே நின்றுவிட்டார்கள். சம்பளத் தகராறு விரைவிலேயே சமரசத்தை நெருங்கிவிட்டபோதிலும், யாரை எவ்விதம் திரும்பச் சேர்ப்பது என்பதில் உடன்பாடு காணாமல் போராட்டம் 29 நாள் நீடித்தது. அந்த 570 பேரின் கதியும் அதில் அடங்கும். இவர்கள் எங்கள் ஊழியராக ஒருநாளும் இருந்ததில்லை என்றது நிறுவனம். சிகாகோ நியாயஸ்தலத்தில் வழக்கு நடந்து, தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆகி, பிறகே அவர்களுக்கு வேலை கிடைத்தது. கீழ்ச்சம்பளம் அப்போது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அதன் காலம் சுருங்கி, பின்னர் வந்த ஆண்டுகளில் அது மங்கிற்று. பந்தியில் இலையே போடப்பெறாதவர்கள், உட்கார்ந்திருந்தவர்களின் இலைக்காக எழுந்து நின்றார்கள் என்பதே இதில் நான் கண்ட அதிசயம்.

ஓமாஹா நகரம் வரும்போது இரவு மணி பதினொன்று. இளைஞர் தம் முதலாண்டு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அது 'புரொபேஷன்' எனப்படும் சோதனை ஆண்டு. மற்ற விமானியை நீக்குவதென்றால் காரணம் வேண்டும், விசாரணை வேண்டும், சங்கம் வாதாடும். சோதனை ஆண்டில் இருப்பவரை நீக்கினால், பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி, முறையிடுவதற்கு இடமில்லை. ஆகவே தாமதமாக வராதே, நோயென்று படுக்காதே, வாயைத் திறக்காதே என்பதுதான் மூத்தவர்கள் சொல்லும் உபதேசம். உடம்பு தளர்ந்தால் பறக்க மறுக்கவேண்டியது விமானியின் கடமை என்று சட்டம் சொல்கிறது. மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்று சோதனை ஆண்டு சொல்கிறது. தொலைபேசி வந்த இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்கவேண்டிய 'ரிசர்வ்' உத்தியோகம் அவருக்கு. அதற்காக ஆறு பேர் சேர்ந்து, அடுக்குக் கட்டில்கள் போட்ட ஒரு வீட்டில் படுக்கை வாடகைக்குப் பேசியிருந்தார். வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு நாள் சங்கத்தார் வந்து பகலுணவு போட்டு, அடையாள அட்டையைத் தொங்கவிடும் கழுத்துப்பட்டி ஒன்றைக் கொடுப்பார்களாம். சங்கத்தின் பெயர் பொறித்த அந்தப் பட்டியை உடனே அணிவதா, ஓராண்டு பெட்டியில் வைத்திருப்பதா என்பது புதியவர்களுக்குள் பெரிய தர்க்கம். "நீ என்ன செய்யப்போகிறாய், தம்பி?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கண்ணாடிக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்தபோது கொலராடோவின் வறண்ட சமவெளி. மேற்கே தொடுவானத்தில் ராக்கி மலைகள் நீலக் கோடாகத் தெரிந்தன. ஏழேகாலுக்கு டென்வர். இளைஞர் கோட்டை உறையோடு தோளில் போட்டுக்கொண்டு, கைகுலுக்கி, என் கைப்பையை மேடைவரை தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார். என்னை எதிர்கொள்ள வரவேண்டிய நண்பர் மத்தியானம்தான் வருவதாக இருந்தார். ஆகவே விமான நிலையத்துக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறி, நடுவழியில் சென்ட்ரல் பார்க் என்ற நிலையத்தில் இறங்கினேன். 1995 பிப்ரவரி வரை டென்வரின் விமான நிலையமாக விளங்கிய ஸ்டேபிள்டன் அங்கேதான் இருந்தது. ஓடுபாதைகள் இருந்த இடத்தில் இப்போது வீடுகள், மரங்கள், சைக்கிள் விடும் சிறுவர்கள். பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்றுமட்டும், ஊர் அழிந்தபின் எஞ்சிய கோயில் கோபுரம்போல, வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. சற்றுத் தூரத்தில் யுனைடெட் நிறுவனத்தின் பயிற்சிக்கூடம் இன்றும் நடைபெறுகிறது. அதன் வாசலுக்கு எதிரே உள்ள நடைபாதையில் சிறிது நேரம் நின்றேன். வெள்ளைச் சட்டை அணிந்த வாலிபர் இருவர், புத்தகப் பையுடன், என்னைக் கவனியாமல் உள்ளே போனார்கள். அந்த 570 பேரை நினைவூட்டும் கல்வெட்டோ பலகையோ என் கண்ணில் படவில்லை.

பதினைந்து நாள் கழித்து, நான் நேப்பர்வில்லுக்குத் திரும்பியபின், இளைஞரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவருடைய வகுப்பில் எண்ணை வயதின்படி கொடுத்தார்களாம். அவரே எல்லாரிலும் இளையவராகையால் நிறுவனம் முழுவதிலும் கடைசி எண் அவருக்கு வாய்த்தது. "பதினாலு நாள் எனக்குப் பின்னால் யாருமே இல்லை. நேற்று அடுத்த வகுப்பு ஆரம்பமாயிற்று. இப்போது இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். பகலுணவின்போது போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வந்தேன்" என்று எழுதியிருந்தார். ஒரு புகைப்படமும் அதனுடன் இருந்தது. உறையைவிட்டு வெளியே வந்த அந்தக் கோட்டை அணிந்து நின்றார். கழுத்தில் சங்கத்தின் பட்டி தொங்கிற்று.